கணினிக் கேள்வி பதில்: வரம்பைச் செதுக்கியது யார்?

கேள்வி: கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். செயற்திட்டத்துக்காக லினக்ஸ் கேர்னலுக்கு (இயங்குதளத்தின் கருவுக்கு) ஒரு சின்ன மொடியூல், அதாவது அதோடு சேர்ந்து ஓடும் துணை நிரல், எழுதினேன். முக்கால் மணித்தியாலம் நன்றாக ஓடும், பிறகு மெஷின் அப்படியே நின்றுவிடும். பிழைச்செய்தி ஒருநாள் வைஃபையைக் காட்டுகிறது, மறுநாள் வேறெதையோ. என் கோட் அதில் வருவதே இல்லை. ரேம் பழுதா?

பதில்: ரேம் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம் தம்பி, முதலில் உங்கள் மொடியூலைப் பாருங்கள். பக்கத்து வயல்காரன் வரம்பைச் செதுக்கினால் அன்றைக்கா தெரிகிறது? இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்து, வயலில் நிற்காமல் ஓடும்போதுதானே தெரியும். கேர்னல் நினைவகமும் அப்படித்தான்.

நீங்கள் 20 பைட் கேட்டால், கேர்னலில் நினைவகம் கேட்டு வாங்கும் கட்டளையான கே-மலொக் (kmalloc) 32 பைட் துண்டு ஒன்றைத் தரும். 8, 16, 32, 64 என்று அளவு வாரியாகத்தான் அது காணி பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பெயரின் எழுத்துகளை எண்ணி அவ்வளவு பைட் மட்டும் கேட்டுவிட்டு, பெயர் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் பூச்சிய பைட்டை மறந்தால், 20 எழுத்துப் பெயருக்கு ஒன்றும் ஆகாது, சரியாக 32 எழுத்து வரும் அன்றுதான் அந்தப் பூச்சியம் அடுத்த காணியில் போய் விழும். இந்தப் பிழையில் நான் இரண்டு இரவு தொலைத்திருக்கிறேன்.

அடுத்த காணி வெறுமையாக இருந்தால் இன்னும் மோசம். இந்தத் துண்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் கேர்னல் பகுதியான ஸ்லப் ஒதுக்கி (SLUB), வெறும் துண்டுக்குள்ளேயே அடுத்த வெறும் துண்டின் விலாசத்தை எழுதி வைக்கும், அது கெட்டால் பிறகு வந்து இடம் கேட்கும் வைஃபை டிரைவருக்குத் தவறான இடம் கிடைக்கும், பழியும் அதற்கே. 2017இல் வந்த 4.14 கேர்னலில் அந்த விலாசத்தை ஓர் இரகசிய எண்ணோடு கலந்து வைக்கும் தெரிவு வந்தது, 2020இல் 5.7 அதைத் துண்டின் நடுவுக்கு நகர்த்தியது. இரண்டும் கள்ளனுக்குப் போட்ட பூட்டு, உங்கள் பிழையைத் திருத்தித் தராது.

நீங்கள் செய்ய வேண்டியது, கேர்னல் தொடங்கும்போது கொடுக்கும் துவக்க வரியில் ஸ்லப் டீபக் தெரிவை எஃப், இசட், பி, யு எழுத்துகளோடு கொடுப்பது (slub_debug=FZPU). துண்டுகளுக்கு இடையில் வரம்பு கட்டி, யார் கேட்டார், யார் விட்டார் என்று எழுதி வைக்கும். விட்ட துண்டை 6பி என்ற பதினறும எண்ணால் நிரப்பும். எழுத்தாகப் பார்த்தால் அது ஆங்கிலச் சின்னக் 'கே'. செய்தியில் 6பி6பி6பி என்று ஒரு முகவரி வந்தால், குத்தகை முடிந்த காணியில் யாரோ இன்னும் விதைக்கிறார்.

கேள்வி: நினைவகப் பிழை பிடிக்கும் கேர்னல் கருவியான கேசன் (KASAN) நல்லது என்கிறார்களே, எப்போதும் போட்டு வைக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: சோதனைக்கு அதைவிட நல்லது இல்லை, பிழை நடக்கிற அந்த வரியிலேயே பிடிக்கும். ஆனால் வழக்கமான கேசன் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை எடுக்கும், 4 ஜிபி மடிக்கணினியில் அரை ஜிபி போய்விடும், வேகமும் குறையும். மெய்நிகர் மெஷினில் போடுங்கள். நாளாந்தம் ஓடும் மெஷினுக்கு 2021இல் 5.12 கேர்னலுடன் வந்த கேஃபென்ஸ் (KFENCE) என்ற இலேசான கருவி போதும். 100 மில்லிசெக்கனுக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும் எடுத்துக் காவல் பக்கங்களுக்கு (தொட்டாலே பிழை காட்டும் நினைவகப் பக்கங்களுக்கு) நடுவில் வைப்பதால் சுமை தெரியாது, ஆனால் உங்கள் பிழை அகப்பட ஒரு கிழமையும் ஆகலாம்.