காந்தத் துகள் சேர்த்ததும் ஹைட்ரோஜெல் (தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாலிமர் வலை) பிய்ந்துபோகிறது. உறுதியாகவும் நன்றாக இழுபடும்படியும் செய்வது எப்படி?

காந்தத் துகளிடம் வலிமையை எதிர்பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் கெடுக்கத்தான் செய்யும். வலிமை ஜெல்லிலேயே இருக்க வேண்டும். வெறும் பாலிஅக்ரிலமைடை விட்டுவிட்டு, 2012-இல் வெளியான ஆல்ஜினேட்–பாலிஅக்ரிலமைடு இரட்டை வலைக்கு, அதாவது இரண்டு பாலிமர் வலைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய ஜெல்லுக்கு, மாறுங்கள். சுமார் 90 சதவீதம் தண்ணீராக இருந்தும் அது 20 மடங்குக்கு மேல் நீண்டது. இழுக்கும்போது ஆல்ஜினேட்டைக் கட்டிய கால்சியம் பிணைப்புகள் அவிழ்ந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். அக்ரிலமைடுச் சங்கிலிகள் அறாமல் தாங்கும்.

10 கிராம் ஜெல்லுக்கு சோடியம் ஆல்ஜினேட் 0.2 கிராம், அக்ரிலமைடு 1.2, மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) நானோதுகள் 0.7, மீதி தண்ணீர். சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சிடும் மெத்திலீன் பிஸ்அக்ரிலமைடு 0.7 மில்லிகிராம் போதும். அதை நிறுத்துப் போட முடியாது. 1 சதவீதக் கரைசலில் 70 மைக்ரோலிட்டர் எடுங்கள். உறுதி போதவில்லையென்று பலரும் இதைத்தான் கூட்டுகிறார்கள். கூட்டினால் முடிச்சுகளுக்கு இடையே சங்கிலி குட்டையாகி, ஜெல் விறைத்து நொறுங்கும்.

துகள்தான் உண்மையான தலைவலி. சிட்ரேட் பூசியது தண்ணீரில் அழகாகப் பரவி நிற்கும், கால்சியம் பட்டதும் திரண்டுவிடும். அந்தத் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்திருப்பது மின்சுமை மட்டுமே. ஒவ்வொரு திரளும் விரிசல் தொடங்கும் இடம். பாலிஎத்திலீன் கிளைக்கால் பிணைத்த துகள் இதைத் தாங்கும். எஞ்சிய இரும்பு அயனிகளையும் நன்றாகக் கழுவிவிடுங்கள். அவை உறைதலைத் தொடங்கிவைக்கும் பெர்சல்ஃபேட்டைத் தூண்டி நேரத்துக்கு முன்பே உறைய வைக்கும்.

முதல் சிரிஞ்சில் மேற்சொன்ன எல்லாம், கூடவே உறைதலை விரைவாக்கும் டெமெட் (TEMED) 4 மைக்ரோலிட்டர். இரண்டாவதில் சிறிது தண்ணீரில் குழைத்த கால்சியம் சல்ஃபேட் 27 மில்லிகிராம், அம்மோனியம் பெர்சல்ஃபேட் 12 மில்லிகிராம். வெற்றிடத்தில் காற்றை நீக்கி, இரண்டையும் இணைத்து வேகமாக முன்னும் பின்னும் தள்ளிக் கலந்து, உடனே அச்சில் ஊற்றிக் கண்ணாடியால் மூடுங்கள். ஆக்சிஜன் பட்ட மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கால்சியம் விரைவில் உறையவைப்பதால், தண்ணீரைவிட 5 மடங்கு கனமான துகள் அடியில் படிய நேரமிருக்காது. பிறகு 50 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம், ஈரப்பெட்டியில் ஒரு நாள். புற ஊதா ஒளி வேண்டாம். கறுப்புக் கலவைக்குள் அது ஊடுருவாது.

அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, கையுறை கட்டாயம். மிச்சத்தைக் கழுவ நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசல் நல்லது; வெறும் தண்ணீரில் ஜெல் ஊதிவிடும், பாஸ்பேட் கரைசல் கால்சியத்தைப் பறித்துவிடும். உலராமல் காக்க சிலிகான் உறை போதாது, நீராவி அதன் வழியே போய்விடும். பியூட்டைல் ரப்பர் பிடித்து வைக்கும்.

முதல் இழுப்புக்கும் இரண்டாவதற்கும் விறைப்பு வேறுபடும். ஆகவே கருவியில் எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்குச் சிலமுறை இழுத்துவிட்டு அளவெடுங்கள். காந்தத்தை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்: சீரான புலம் ஜெல்லைத் தன் பக்கம் இழுக்காது, புலம் இடத்துக்கிடம் மாறினால்தான் இழுவிசை கிடைக்கும்.