அடைப்பு 70 சதவீதம், ரத்தம் எவ்வளவு?

கேள்வி: ஆஞ்சியோவில் அப்பாவுக்கு 70 சதவீத அடைப்பு என்றார்கள். 30 சதவீத ரத்தம்தான் போகிறதா?

இல்லை. குழாயின் விட்டம் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைத்தான் அந்த 70 சொல்கிறது. விட்டம் பாதியானாலே, குழாயில் திரவம் ஓடுவதைச் சொல்லும் புவாசேய் விதிப்படி அந்த இடத்தில் தடை 16 மடங்காகும். ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அப்பாவுக்கு ஒன்றும் தெரியாமலிருக்கலாம். அடைப்புக்குக் கீழேயுள்ள நுண்குழாய்கள் விரிந்து சரிக்கட்டிவிடும். மாடிப்படி ஏறும்போதுதான் குட்டு உடையும். ஏற்கெனவே விரிந்துவிட்டது இன்னும் எவ்வளவு விரியும்? அடைப்பின் நீளம், அந்தக் குழாய் எவ்வளவு இதயத்தசைக்குத் தீனி போடுகிறது என்பதெல்லாமும் சேர்ந்ததுதான் கணக்கு. சதவீதத்தை மட்டும் வைத்து ஸ்டென்ட் பேசுவது எனக்கு ஒப்பாது.

கேள்வி: கம்ப்யூட்டர் இதை எப்படிக் கணக்கிடுகிறது?

சி.டி. படத்திலிருந்து குழாயின் உள்வடிவத்தைப் பிரித்தெடுத்து, லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக்கி, திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம். அது இயந்திரத்தின் பாடு. எங்கள் தலைவலி, படத்தில் குழாய் மறையும் இடம். அதற்கப்பாலுள்ள தடையை இதயத்தசையின் எடை, கிளையின் பருமன் இவற்றை வைத்து ஊகித்துத்தான் போடுகிறோம். இன்னொரு தொல்லை கால்சியம். படிந்த இடம் படத்தில் வெள்ளையாகப் பூத்து, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். 2 மில்லிமீட்டர் குழாயில் எல்லைக்கோட்டை இருபுறமும் கால் மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டால் போதும், தடை மும்மடங்காகிவிடும். அதனால் அந்த இடத்தில் மட்டும் மௌஸை யாரிடமும் கொடுப்பதில்லை.

கேள்வி: அடைப்பு ஏன் கிளை பிரியும் இடத்திலேயே வருகிறது?

ஓடும் ரத்தம் சுவரை உரசுவது உட்சுவர்ச் செல்களுக்கு நல்லது. கிளை பிரியும் முனையை ரத்தம் வேகமாக உரசும். எதிரே வெளிச்சுவரில் தயங்கிச் சுழலும். கொழுப்பு படிவது பெரும்பாலும் அந்தத் தயங்கும் பக்கம். வாய்க்கால் வண்டல் போல என்பார்கள், அது பாதிதான் சரி. வண்டல் தானாகப் படியும். இங்கே உரசல் குறைந்ததைச் செல்களே உணர்ந்து, கொழுப்புக்கு வழிவிடுகின்றன.

கேள்வி: ரத்தத்தைத் தண்ணீராகவே வைத்துக்கொள்வீர்களா?

தண்ணீரைவிட மூன்று, நான்கு மடங்கு பிசுபிசுப்பானதாக. பெரிய குழாய்களுக்கு அது போதும்.

கேள்வி: கணக்கே சொல்லிவிட்டால் ஆஞ்சியோ வேண்டாமா?

பலருக்குத் தவிர்க்கலாம். வழக்கமாக மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை மகாதமனி அழுத்தத்தால் வகுப்பார்கள். இதுதான் எஃப்.எஃப்.ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள். அதே எண்ணை சி.டி.யிலிருந்து கணக்கிடும் முறைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் அனுமதி தந்தது. 0.95 என்றோ 0.60 என்றோ வந்தால் நம்புவேன். 0.79 என்றால் கம்பியாலும் அளந்துவிடச் சொல்வேன். இப்போதே நெஞ்சு வலிக்கிறது என்பவர்கள் எந்தக் கணக்குக்கும் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.