சின்சில்லாவுக்கு மூச்சுத் தொல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் சின்சில்லா (அடர்ந்த மென்முடி கொண்ட, எலி இனத்துச் சிறு வளர்ப்புப் பிராணி) நான்கைந்து நாளாகத் தும்முகிறது. நுண்தூளில் புரண்டு முடியைச் சுத்தம் செய்துகொள்ளும் தூள் குளியலுக்குப் பிறகு அதிகம். தூள் ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை சளியா?

பதில்: தூளால் வரும் தும்மல், குளித்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மற்ற நேரத்திலும் தும்மினால் சளியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொள்ளும். முன்னங்கால்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே முடி ஈரமாகவோ, காய்ந்து கொத்துக் கொத்தாக ஒட்டியோ இருந்தால், மூக்கிலிருந்து துடைத்த சளி அது.

பகலில் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 80 வரை இயல்பு. கூண்டைத் திறக்காமல் எண்ணுங்கள், கையில் எடுத்தாலே வேகம் கூடிவிடும். மருத்துவர் பார்க்கும்வரை தூள் குளியல் வேண்டாம். வாசனை வீசும் பைன், சிடார் மரச் சீவல் இருந்தால் எடுத்துவிட்டுத் துணி விரியுங்கள். மூத்திர வாடை உங்களுக்கே அடிக்கிறது என்றால், அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும் பிராணிக்கு எப்படி இருக்கும்? சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

கேள்வி: இரவிலிருந்து வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. காலையில் மருத்துவரிடம் போனால் போதுமா?

பதில்: போதாது, இப்போதே கிளம்புங்கள். சின்சில்லா மூக்கால் மூச்சு விடும் பிராணி. வாயைத் திறக்கிறது என்றால் மூக்குவழி மூச்சு போதவில்லை என்று பொருள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், மல்லாக்கப் பிடிக்காதீர்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டு விரித்து, வெளிச்சம் படாமல் மூடி எடுத்துப் போங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென எச்சில் வடித்துக் கழுத்தை நீட்டித் தவித்ததா? அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது, தொண்டையில் அடைத்தது தானாக வெளியே வராது.

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். இரவில் மட்டும் ஏசி, பகலில் மின்விசிறி. நேற்று மதியம் காது சிவந்து, பக்கவாட்டில் சரிந்து படுத்து மூச்சிரைத்தது. சளி மருந்து கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வது சளி மாதிரி தெரியவில்லை. வெப்பம் தாக்கியிருக்கிறது. இந்தப் பிராணியின் பூர்வீகம் ஆண்டிஸ் மலையின் உயரமான, குளிர்ந்த, வறண்ட பாறைச் சரிவுகள். நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றிரண்டு முடி முளைக்கும் இடத்தில் அதற்கு அறுபது வரை முளைக்கும். வியர்வையும் கிடையாது. அதனால் மின்விசிறிக் காற்று நமக்குத் தரும் சுகம் அதற்குக் கிடைக்காது.

15 முதல் 21 டிகிரி செல்சியஸ் அதற்கு ஏற்றது. 27-ஐத் தாண்டினாலே ஆபத்து, காற்றில் ஈரம் அதிகமென்றால் அதற்கு முன்பே. மறுபடி இப்படி ஆனால் உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, காதுகளிலும் பாதங்களிலும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள். ஐஸ் வைப்பதும் தண்ணீரில் முக்குவதும் கூடாது. தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நேற்று நடந்ததற்கும் இன்று காட்டிவிடுங்கள்.

மனம் புண்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க ஒரு அறைக்கு ஏசி போட முடியாத வீட்டில், சென்னை வெயிலில் சின்சில்லா வளர்க்கக் கூடாது. ஏற்கெனவே வந்துவிட்டது, சரி. ஒரு சின்ன அறையை அதற்கென்றே ஒதுக்கி, கூண்டுக்குள் வழவழப்பான கிரானைட் துண்டு ஒன்று போடுங்கள், வயிற்றை அதில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் கூண்டின் உயரத்திலேயே கட்டுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதம் இருக்கிறது. இரண்டு சொட்டு கொடுக்கட்டுமா?

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது. வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை, கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் எல்லாம் சின்சில்லாவின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகும். சளியில் பிழைக்க வேண்டிய உயிர் வயிற்றுப்போக்கில் போய்விடும். அதற்குப் பொருந்தும் மருந்துகள் வேறு, அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மூக்கில் ஒன்றுமில்லை, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது.

பதில்: பல்லைக் கவனியுங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் மேல்நோக்கி நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்தலாம். தலை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நிமோனியா என்று சொல்லி மருந்து கொடுக்கிறோம். மூச்சு பரவாயில்லை, ஆனால் சாப்பிட மறுக்கிறது. துணைக்கு இன்னொன்றும் கூடவே இருக்கிறது.

பதில்: இப்போது சாப்பாடுதான் முக்கியம். அரை நாள் வயிறு காலியாக இருந்தாலே குடல் மந்தமாகிவிடும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைவது அதன் அடையாளம். புல்லுண்ணிகளுக்கான மீட்புணவுத் தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிரிஞ்சை வைத்து அரை மில்லி கொடுங்கள். மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். மறுபடி மூச்சு வாங்கினால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். அரைக் கிலோ உடம்பில் 20 கிராம் குறைவது சின்ன விஷயம் இல்லை. துணையைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, முதலில் அதைக் கவனித்துவிட்டு நோயாளியிடம் வாருங்கள். வீட்டில் முயல் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். முயல் தனக்கு ஒன்றும் ஆகாமலே, மூச்சு நோய் தரும் போர்டெட்டெல்லா கிருமியைச் சுமந்து திரியும்.

தூள் குளியலை எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்து முடிந்து மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகு. முதல் நாள் ஐந்தே நிமிடம், அதுவும் கூண்டுக்கு வெளியே.