திடீரென்று வந்த விவாகரத்து சம்மன்: முதல் வாய்தாவுக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: திருமணமாகி எட்டு வருடங்கள், ஆறு வயதில் மகள். ஒரு சண்டைக்குப் பிறகு ஐந்து மாதங்களாக அம்மா வீட்டில் இருக்கிறேன். போன வாரம்கூட கணவர் மகளிடம் வீடியோ காலில் பேசினார். நேற்று குடும்பநல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நான் கொடுமைப்படுத்தினேன், இரண்டு வருடங்களுக்கு மேல் பிரிந்து இருக்கிறேன் என்று மனுவில் எழுதியிருக்கிறார். கேட்டால், "அது சும்மா ஃபார்மாலிட்டி, நீ வர வேண்டாம்" என்கிறார். வழக்கு அவர் ஊரில், வேறு மாவட்டம். எனக்கு வருமானம் இல்லை. விவாகரத்தில் விருப்பமும் இல்லை. என்ன செய்வது?

பதில்: அவர் சொன்னதில் நீங்கள் கேட்கவே கூடாதது அந்த "வர வேண்டாம்" தான். சம்மன் சார்வான (முறையாக உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட) பிறகு நீங்கள் ஆஜராகாவிட்டால் நீதிமன்றம் உங்களை எக்ஸ்பார்ட்டி (வராத தரப்பு) ஆக்கிவிட்டு, அவர் தரப்பு சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியும். சம்மனை வாங்க மறுத்தாலும் பலன் இல்லை; மறுத்ததாகக் குறிப்பு எழுதி வந்தால் சார்வு செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சம்மனில் வழக்கு எண், நீதிமன்றம், வாய்தா தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மனு நகலும் அவர் தாக்கல் செய்த ஆவணங்களின் நகலும் கூடவே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் முதல் வாய்தாவிலேயே நகல் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த தேதியை நீங்களே பார்க்கலாம். வழக்கறிஞர் சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். உதவி எண் 15100.

அடுத்தது எதிருரை, அதாவது அவர் மனுவுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில். சம்மன் கிடைத்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் மொத்தம் 90 நாட்கள் வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். பெரும்பாலான வழக்குகள் சறுக்குவது இங்கேதான். "மனுவில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குறிப்பாக மறுக்காத குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகவே கருத முடியும் என்பது சட்டம். அதனால் பத்தி பத்தியாகப் பதில் வேண்டும். 6-வது பத்தியில் "இரண்டு வருடங்களுக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார்" என்று இருந்தால், நீங்கள் எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால், யாருக்குத் தெரிந்து அம்மா வீட்டுக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். அதுவரை ஒரே வீட்டில் இருந்ததற்கு மகளின் பள்ளிப் பதிவேட்டில் இருவர் கையெழுத்து, அவர் உங்கள் கணக்குக்கு அனுப்பிய வீட்டுச் செலவுப் பணம், அந்த முகவரிக்கு வந்த மருத்துவச் சீட்டு என்று காட்டுங்கள். இந்து திருமணச் சட்டம், 1955-இல் பிரிந்து போனதைக் காரணமாகச் சொல்ல, மனுப் போடும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் என்பது நிரூபணமானால் அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும். மிச்சம் இருப்பது கொடுமை என்ற குற்றச்சாட்டு. அதற்கும் சம்பவம் சம்பவமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். "வர வேண்டாம்" என்று அவர் எழுத்தில் அனுப்பியிருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல ஆவணம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் சேர வேண்டும்.

எதிருரையோடு சேர்த்தே இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு இடைமனு (இதே வழக்குக்குள் போடும் தனி மனு) போடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். உங்கள் பக்கத்தில் எதையும் மறைக்காதீர்கள்; ஒரு வங்கிக் கணக்கு விட்டுப்போனாலும் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

வழக்கை உங்கள் மாவட்டத்துக்கு மாற்றக் கேட்கலாம். ஒரே மாநிலம் என்றால் உயர் நீதிமன்றத்தில், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்தில் இடமாற்ற மனு. சின்னக் குழந்தை, வருமானமின்மை, பயண தூரம் எல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் தடை உத்தரவு வரும் வரை அங்கே வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கும்; மாற்ற மனு போட்டாயிற்று என்று வாய்தாவை விட்டுவிட்டு எக்ஸ்பார்ட்டி ஆகிறவர்கள் உண்டு.

சேர்ந்து வாழ விரும்புவதால் இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் சேர்ந்து வாழக் கோரும் மனுவை உடனே போடச் சிலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அதில் தீர்ப்பு வாங்கிய பிறகும் ஓராண்டு வரை சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாக வைத்து இருவரில் யாரும் விவாகரத்து கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் விருப்பத்தை எதிருரையிலும் நீதிமன்றக் கவுன்சிலிங்கிலும் தெளிவாகப் பதிய வைத்தாலே இப்போதைக்குப் போதும். கவுன்சிலிங்கில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், மகளின் பொறுப்பு, ஜீவனாம்சம், உங்கள் நகைகள் மூன்றும் எழுத்தில் வராமல் போடாதீர்கள். போட்டுவிட்டாலும், தீர்ப்பு வரும் வரை அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

ஒருவேளை வாய்தா தவறி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே வந்துவிட்டால், தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சார்வாகாதவருக்கு மட்டுமே அந்த 30 நாள் தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும். உங்களுக்கு நேற்றே கைக்கு வந்துவிட்டது.