சேலத்து வெயிலில் சர்வர் அறை கொதிக்கிறது, 2 டன் ஏசி போட்டால் தீருமா?

நீங்கள் சொன்ன நிலவரம்: கொண்டலாம்பட்டியில் தறிக்கூடத்தை ஒட்டிய ஆபீஸ், பத்துக்குப் பத்து அறை, ஒரு ரேக், மூன்று சர்வர், யுபிஎஸ் காட்டும் லோடு 2 கிலோவாட். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியை 16-இல் வைத்தும், ஏப்ரல் பிறந்தால் மதியம் 2 மணிவாக்கில் சர்வர் தானாக அணைகிறது.

2 டன் வாங்க வேண்டாம். சர்வர் இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 2 கிலோவாட் என்றால் மணிக்குச் சுமார் 6,800 பிடியு (சூட்டை அளக்கும் அலகு). ஒன்றரை டன் ஏசியின் கொள்ளளவு 18,000. மேலே மொட்டை மாடி காய்ந்தாலும் இது போதும். குளிர் சர்வரின் முகத்துக்குப் போய்ச் சேரவில்லை, இல்லையென்றால் மதியத்தில் ஏசியே தள்ளாடுகிறது.

முதலில் அளந்து பாருங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ரேக்கின் முன்பக்கம் அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முன்பக்கம் 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பதுதான் ஆஷ்ரே (ஏசி பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) பரிந்துரை. அடியில் 24, உச்சியில் 31 என்று வந்தால், பின்னால் போன சூடான காற்று சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது என்று அர்த்தம். சர்வரைக் கண்காணிக்கும் ஐடிராக் (டெல்) அல்லது ஐஎல்ஓ (ஹெச்பி) பக்கத்தில் இன்லெட் டெம்பரேச்சரையும், அதாவது சர்வருக்குள் நுழையும் காற்றின் சூட்டையும், பாருங்கள். இன்லெட் 24, சிபியு 90 என்றால் கோளாறு பெட்டிக்குள். இன்லெட்டே 36 என்றால் கோளாறு அறையில்.

2 மணி என்று நீங்கள் சொன்னதால் என் சந்தேகம் அவுட்டோர் யூனிட் மேல்தான். தறிப்பட்டறைக் காற்று வெளியேறும் பக்கமாக அது மாட்டியிருந்தால் காயிலில் பஞ்சு கம்பளிபோல அப்பியிருக்கும். உச்சி வெயிலில் சூட்டை வெளியேற்ற முடியாமல் கம்ப்ரசர் ட்ரிப் ஆகும். சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். மெயினை அணைத்துவிட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். தறி ஓடும் இடத்தில் மாதம் ஒருமுறை இது தேவை. உள்யூனிட் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். அப்படியே 16-ஐ 23 ஆக்குங்கள்: 16-இல் வைத்தால் அறை வேகமாகக் குளிராது, ஃபில்டர் அடைத்த ஏசியில் காயில் ஐஸ் கட்டி, உருகித் தண்ணீர் சொட்டும். உள்யூனிட் ரேக்குக்கு நேர்மேலே இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள்.

அடுத்து சர்வருக்குள். பாவுக்குப் போடும் கஞ்சியும் பஞ்சோடு சேர்ந்து பறப்பதால், இந்தத் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் உதறினால் போகாத அடையாகப் படிந்துவிடும். சர்வரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வெளியே எடுத்துப் போய் புளோயர் அடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் தேயும், ஃபேனே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பும். வீட்டு வாக்யூம் கிளீனர் கூடாது, ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) ஆபத்து. ஐந்தாறு வருடமான சர்வர் என்றால் பழைய தெர்மல் பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிது போடுங்கள்.

ரேக்கின் முன்கதவு கண்ணாடியா? கழற்றிவிடுங்கள். காலி ஸ்லாட்டுகளில் பிளாங்கிங் பேனல் (இடைவெளியை அடைக்கும் மூடித் தகடு) மாட்டுங்கள். உச்சி 31 காட்டுவதைக் குறைக்கும் மலிவான வைத்தியம் இதுதான். சர்வர் மூடியைத் திறந்து டேபிள் ஃபேன் வைக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. மூடி இருந்தால்தான் காற்று சிபியு, ரேம் வழியாக ஓடும். திறந்தால் குறுக்கே போய்விடும்.

கரண்ட் போனால் இன்னொரு வம்பு. யுபிஎஸ் சர்வரைத் தாங்கும், ஏசி நிற்கும். உங்கள் அறைக் காற்றை மட்டும் கணக்கிட்டால் 2 கிலோவாட் அதை 15 விநாடிக்கு 1 டிகிரி சூடாக்கும். சுவரும் ரேக்கும் கொஞ்சம் உறிஞ்சுவதால் சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவே. ஏசியை ஜெனரேட்டர் லைனில் கொடுங்கள், ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இன்லெட் 35 தொட்டால் எச்சரிக்கை, 40 தொட்டால் முறைப்படி ஷட்டவுன் என்று ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் 2 டன்னுக்குப் பதில் இன்னொரு ஒன்றரை டன் வாங்கி, நாள் மாற்றி நாள் ஓட்டுங்கள்.

கடைசியில் கேட்ட ஏற்காட்டுக் கிளை: அங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தப்பு. மூடுபனி உள்ளே வந்து தூசியோடு சேர்ந்து காண்டாக்டுகளை அரிக்கும். உயரம் சுமார் 1,500 மீட்டர் என்பதால் காற்றும் மெல்லிசு, அதே ஃபேன் குறைந்த சூட்டையே அள்ளும். பல சர்வர்களுக்கு 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி கழிக்க வேண்டும். 35 வரை தாங்கும் பெட்டிக்கு அங்கே 33 தான் எல்லை. ஜன்னலை மூடி, ஈரப்பத மீட்டர் ஒன்று மாட்டி, மழைக்காலத்தில் ஏசியை டிரை மோடில் ஓட்டுங்கள்.