பழைய வீட்டின் பிளாஸ்டிக் ஜன்னல் யார் தலையில் விடியும்?

கேள்வி: இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் நர்ஸாக இருக்கிறேன். கதீட்ரலின் 123 மீட்டர் கோபுரம் தெரியும் தெருவில் பழைமைக்காக அரசு பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் உள்ள ஒரு ‘கிரேடு 2’ வீட்டுக்கு விலை பேசியிருக்கிறோம். பின்பக்க ஜன்னல்களெல்லாம் பிளாஸ்டிக் ஃபிரேம். “போட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாச்சு, இனி யாரும் கேட்க முடியாது” என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா, சுற்றுவட்டாரக் கிராமத்தில் பார்க்கலாமா?

பதில்: ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். அந்தப் பத்து வருடக் கணக்கு சாதாரண வீடுகளுக்கு. இப்படிப்பட்ட பட்டியல் கட்டடத்தில் அனுமதியின்றிச் செய்த மாற்றத்துக்குக் காலக்கெடுவே கிடையாது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வழக்கு, மாற்றத்தைச் செய்தவர் மீது வரும்; ஆனால் ‘பழையபடி மாற்று’ என்ற நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்கு வரும். மர ஜன்னல் செலவு உங்களுடையது.

அடுத்து ஃபென்சா சான்றிதழைக் காட்டுவார். ஜன்னலைக் கட்டட விதிப்படி பொருத்தினார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நீங்கள் கேட்க வேண்டியது உள்ளாட்சி கவுன்சில் தந்த ‘லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்’, அதாவது பட்டியல் கட்டடத்தை மாற்றுவதற்கான அனுமதி. ஏஜென்டுக்குக் கமிஷன் தருபவர் விற்பவர் என்பதை மறக்காதீர்கள். அவர் கைகாட்டும் வக்கீலிடமும் போகாதீர்கள். ஆள் அனுப்பியதற்கு அங்கேயும் அவருக்குப் பணம் கிடைக்கலாம்.

‘இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்’ என்றும் சொல்வார்கள். இங்கே நிதானம் வேண்டும். உங்கள் வக்கீலைக் கேட்காமல் கவுன்சிலுக்கு போன் செய்துவிட்டால் அந்தப் பாலிசியே கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் அது ஜன்னலைச் சட்டபூர்வமாக்காது. நோட்டீஸ் வந்தால் பணம் தரும், அவ்வளவுதான். வீட்டில் கை வைக்காமல் குடியிருப்பவருக்கு அது போதும். நாளை சமையலறையை மாற்ற நீங்களே கவுன்சிலிடம் மனுப் போட்டால், அதிகாரி வந்து ஜன்னலையும் பார்ப்பார். நீங்களாகப் போய்க் காட்டிக்கொடுத்தீர்கள் என்று கம்பெனி கைவிரிக்கும்.

மாற்றம் செய்யும் எண்ணம் இருந்தால், விற்பவரே இப்போது மனுப் போட்டு ஜன்னலுக்கு அனுமதி வாங்கித் தரட்டும். மனுவுக்குக் கட்டணமில்லை. விதிப்படி 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பல இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கிறது. பழைமையைக் காக்கச் சட்டம் போட்டவர்கள் மனுவைப் பார்க்க ஆள் போடவில்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

கிராமத்துக்குப் போனாலும் கூரை வேய்ந்த பழைய வீடுகளில் பலவும் பட்டியலில்தான் இருக்கும், விதி ஒன்றே. இந்தப் பட்டியலை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தளத்தில் முகவரியைத் தட்டி இலவசமாகப் பாருங்கள்.

ஒப்பந்தம் ‘எக்ஸ்சேஞ்ச்’ ஆகும்வரை, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளும்வரை, நீங்கள் தாராளமாக விலகலாம். ஏஜென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அனுமதித் தாளோ, வீட்டில் கை வைக்காமல் குடியிருப்பதானால் அந்தப் பாலிசியோ உங்கள் வக்கீல் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.