எடை குறைந்தது, தோல் குறையவில்லை

கேள்வி: எனக்கு வயது 37. 13 மாதங்களுக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 128 கிலோ இருந்தவள் 76-க்கு வந்துவிட்டேன். இன்னும் மாதம் 2 கிலோ இறங்குகிறது. ஆனால் வயிற்றுத் தோல் தொடைவரை தொங்குகிறது, மடிப்புக்குள் அடிக்கடி புண். முடி கொட்டுகிறது, தலை சுற்றுகிறது. "சேலைக்குள்ள மறைஞ்சுதானே இருக்கு, யாரு பார்க்கப் போறா?" என்கிறார் கணவர். ஜிம்முக்குப் போனால் இறுகிவிடும் என்கிறார் நாத்தனார். ஃபேஸ்புக்கில் ஓர் அழகு நிலையம் வயிறு, கை இரண்டிலும் தொங்கும் தோலை ஒரே நாளில், மலிவாக வெட்டித் தருவதாகப் போட்டிருக்கிறது. 3 மாதத்தில் தைப்பூசம். பத்துமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டுதல். அதற்குள் முடித்துவிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: அன்புத் தங்கை, யார் பார்க்காவிட்டாலும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்களே! குளித்துவிட்டு ஒரு கையால் தோலைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஒற்றி எடுத்து, எரிச்சலோடு சேலை கட்டுவது நீங்கள்தானே. அறுவைப் பிரிவில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். பழைய வேட்டியைக் கிழித்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெக்கையில் அந்த இடம் காயவே காயாது. இது மினுக்கு இல்லை, உடம்பின் தொல்லை. கணவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

நாத்தனார் சொல்வதும் நடக்காது. வருடக்கணக்கில் இழுபட்ட தோலின் நார்கள் அறுந்துபோயிருக்கும். உடற்பயிற்சி தசையை இறுக்கும், தோலைச் சுருக்காது. கிரீமும் அப்படித்தான்.

அதனால் ஆபரேஷன் வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. ஆனால் இப்போது வேண்டாம். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று வெட்டித் தைத்தால் அடுத்த வருடம் அதே இடம் மறுபடி தொங்கும். ஸ்லீவ் செய்து 12 முதல் 18 மாதம் ஆகி, அதில் கடைசி 3 முதல் 6 மாதமாவது எடை ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: முடி கொட்டுகிறது, தலை சுற்றுகிறது. ரத்தம் குறைந்திருக்கலாம். புரதம் போதாமல் இருக்கலாம். இந்த நிலையில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வெட்டினால் தையல் பிரியும், காயம் ஆறாது. ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, அல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) எல்லாம் இந்த வாரமே பாருங்கள். புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீன், கோழி, தயிர், பருப்பு என்று பிரித்துச் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் தே தாரிக்கோடு விழுங்காதீர்கள், தேயிலை இரும்பைச் சேரவிடாது.

அந்த அழகு நிலையத்தின் பக்கமே போகாதீர்கள். 2020-இல் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சப் போன இளம்பெண் உயிரோடு திரும்பவில்லை. இது மயக்க மருந்து நிபுணரோடு, முழு மருத்துவமனையில், பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் செய்யவேண்டிய வேலை. அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். அழகியல் சிகிச்சைக்கான எல்சிபி சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. புண் வரும்போதெல்லாம் போனில் படம் எடுத்து, சுகாதார கிளினிக்கில் காட்டிப் பதிவு செய்து, அங்கிருந்து அந்தப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்ற பதிவு இருந்தால் உங்கள் பேச்சுக்கு வலு கூடும்.

டாக்டரைப் பார்க்கும்போது தொங்கும் தோலை மட்டும் வெட்டுகிறாரா, தசையையும் இறுக்கித் தொப்புளை இடம் மாற்றுகிறாரா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு ஆபரேஷன். தழும்பு நிச்சயம் இருக்கும். கையில் செய்தால் அக்குளிலிருந்து முழங்கைவரை கோடு விழும். குழந்தையில் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு உங்களுக்குத் தடித்துப் புடைத்திருக்கிறதா? இருந்தால் ஆபரேஷன் தழும்பும் அப்படித் தடிக்கலாம், டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் மெல்லிய குழாயும் சிறு பாட்டிலும் இடுப்பில் தொங்கும். எத்தனை மில்லி நீர் வடிந்தது என்று காலையும் மாலையும் குறித்து வைக்க வேண்டும். முதல் வாரம் கூனிக்கொண்டுதான் நடப்பீர்கள். கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சுமார் 6 வாரத்துக்குக் கனமாக எதுவும் தூக்கக் கூடாது. அந்த 6 வாரம் சமையலுக்கும் துணிக்கும் யார் என்று கணவரோடு பேசிவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடத்தை இப்போதிருக்கும் உடம்போடே எடுங்கள். தலைசுற்றல் நின்று, டாக்டரும் சரி என்று சொன்னால் போதும். 128 கிலோவில் பத்துமலையின் 272 படியையும் ஏறுவது எப்படி இருந்திருக்கும்! மடிப்புக்குள் சுத்தமான பருத்தித் துணி வையுங்கள், மாற்றுத் துணி இரண்டு பையில் இருக்கட்டும். இறங்கி வந்ததும் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.